யார்? எந்தப் பக்கம்? எப்போது? – தினமும் நாம் சொல்லும் ஆங்கில வினைச்சொற்கள்



"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க" என்று சொல்லாத உறுப்பினர் நம் குழுக்களில் குறைவு. ஆனால் ஒரு நாள் முழுக்க நாம் பேசுவதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். "பேங்க்ல டெபாசிட் பண்ணிட்டியா?" "லோன் சாங்ஷன் ஆயிடுச்சாம்." "ஆதாரை லிங்க் பண்ணணும்." "பாப்பாவுக்கு ஸ்காலர்ஷிப் அப்ளை பண்ணணும்." "மனுவை ரிஜெக்ட் பண்ணிட்டாங்க." வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குத் திங்கட்கிழமை மனு கொடுக்க வருகிற பெண்கள் பேசுவதைக் கேட்டாலே இப்படி இருபது சொற்களை எண்ணிவிடலாம். டெபாசிட், அப்ளை, லிங்க், ரிஜெக்ட் எல்லாமே ஆங்கில வினைச்சொற்கள்தான். ஒரு செயலைச் சொல்லும் சொல் வினைச்சொல். வா, போ, கொடு, வாங்கு என்பது போல.

ஆக, சொல் நமக்குத் தெரியும். அந்தச் சொல் நம்மை என்ன செய்யச் சொல்கிறது என்பதுதான் பல நேரம் தெரிவதில்லை. முன்பெல்லாம் தெரியாவிட்டால் பேங்க் கிளார்க்கிடம் கேட்கலாம், அவரே எழுதியும் கொடுப்பார். இப்போது அந்தச் சொல் நம் கையில் உள்ள போனிலேயே ஒரு பட்டனாக வந்து நிற்கிறது. அழுத்துவது நம் விரல். போவது நம் பணம்.

அதனால் இந்த இதழில் இலக்கணப் பாடம் நடத்தப் போவதில்லை. நாம் தினமும் கேட்கிற சில வினைச்சொற்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்வி கேட்கப் பழகுவோம்:

1. யார் செய்வது?
2. எந்தப் பக்கம் போகிறது?
3. எப்போது? முடிந்துவிட்டதா, இனிமேல்தானா?

ஆங்கில எழுத்து படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வீட்டில் படிக்கிற பிள்ளையிடமோ குழுவில் தெரிந்தவரிடமோ கொடுத்து, வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். சொல் காதில் விழுந்தால் போதும், மூன்று கேள்வியையும் நாமே கேட்டுக்கொள்ளலாம்.

யார் செய்வது?

தமிழில் வினைச்சொல்லைச் சொன்னாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். "கட்டினேன்" என்றால் நான். "கட்டினாங்க" என்றால் அவர்கள். "கட்டு" என்றால் எதிரில் இருப்பவருக்குச் சொல்வது. ஆங்கிலச் சொல்லில் இந்த ஒட்டு கிடையாது. 'பே' என்று மொட்டையாக நிற்கும். அப்படித் தனியாக ஒரு பட்டனில் நின்றால் அது நமக்கு இடும் கட்டளை. 'பே' என்றால் "நீ பணம் கட்டு" என்று பொருள். 'சப்மிட்' என்றால் "நீ இதைச் சமர்ப்பி". 'கன்ஃபர்ம்' என்றால் "சரிதான் என்று நீ உறுதி சொல்லு". 'கேன்சல்' என்றால் "வேண்டாம் என்று நிறுத்து".

நம் பேச்சில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஆங்கில வினைச்சொல்லோடு நாம் ஒன்று 'பண்ணு' சேர்க்கிறோம், இல்லையென்றால் 'ஆகு' சேர்க்கிறோம். "டெபிட் பண்ணாங்க" என்றால் யாரோ ஒருவர் செய்திருக்கிறார். "டெபிட் ஆயிடுச்சு" என்றால் மழை பெய்த மாதிரி தானாக நடந்தது போல் ஒலிக்கிறது. செய்த ஆள் மறைந்துபோகிறார்.

பணம் தானாக எங்கேயும் போகாது. மே மாத வாக்கில் பல உறுப்பினர்கள் "அக்கா, என் கணக்குல 436 ரூபாய் டெபிட் ஆயிடுச்சு, 20 ரூபாயும் போயிருக்கு, யாருக்கும் நான் அனுப்பலையே" என்று கேட்பதுண்டு. 436 என்பது பிரதமர் ஜீவன் ஜோதி பீமா என்ற ஆயுள் காப்பீட்டுக்கு ஒரு வருடப் பிரீமியம். 20 என்பது சுரக்ஷா பீமா என்ற விபத்துக் காப்பீட்டுக்கு. இந்தத் திட்டங்களில் சேரும்போது படிவத்தில் 'ஆட்டோ டெபிட்' என்று ஒரு இடம் இருக்கும். "வருடா வருடம் என் கணக்கிலிருந்து நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று நாம் கொடுத்த அனுமதி அது. காப்பீடு நல்லதுதான். ஆனால் யாருக்கு, எதற்கு, எத்தனை வருடத்துக்கு அனுமதி கொடுத்தோம் என்பது நம் நினைவில் இருக்க வேண்டும். ஆகவே யாராவது "டெபிட் ஆயிடுச்சு" என்றால் உடனே கேளுங்கள்: "யார் பண்ணது?"

பணம் எந்தப் பக்கம்?

தமிழில் 'கடன்' என்பது ஒரே சொல். கொடு, வாங்கு என்று சேர்த்தால் திசை தெரியும். ஆங்கிலத்தில் கடன் கொடுப்பதற்கு 'லெண்ட்', கடன் வாங்குவதற்கு 'பாரோ' என்று இரண்டு தனிச் சொற்கள். இதே மாதிரி ஜோடிச் சொற்கள் நிறைய உண்டு. ஜோடியாகவே மனப்பாடம் செய்தால் குழப்பம் வராது.

பே – நம்மிடமிருந்து போகிறது. ரிசீவ் – நமக்கு வருகிறது.
செண்ட் – அனுப்பு. கெட் – பெறு.
டெபாசிட் – கணக்கில் போடு. வித்ட்ரா – கணக்கிலிருந்து எடு.
டெபிட் – கணக்கில் கழிப்பது, பாஸ் புக்கில் பற்று. கிரெடிட் – கணக்கில் சேர்ப்பது, பாஸ் புக்கில் வரவு.
லெண்ட் – கடன் கொடு. பாரோ – கடன் வாங்கு.

'கிரெடிட்' என்ற சொல்லில் ஒரு சிக்கல் உண்டு. 'கிரெடிட் கார்டு' என்று வரும்போது அது கடன். "கணக்கில் கிரெடிட் ஆயிருக்கு" என்று வரும்போது அது வரவு. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வரத் தொடங்கியபோது போனில் வந்த செய்தியில் இருந்தது இந்த வரவுதான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். போன் வழியாகப் பணம் அனுப்பும் யுபிஐ முறை 2016-ல் வந்தது. இன்று வேங்கிக்காலில் காய்கறிக் கடை, டீக்கடை என்று எங்கும் அந்தக் கட்டம் போட்ட அட்டை தொங்குகிறது. வசதிதான். ஆனால் ஏமாற்றுகிறவர்கள் கை வைப்பது இந்தத் திசையில்தான். "உங்க பணம் வருது, பின் நம்பரைப் போடுங்க", "ரீஃபண்ட் வந்திருக்கு, இதை ஸ்கேன் பண்ணுங்க" என்பார்கள். வாய் 'ரிசீவ்' என்று சொல்லும். போனில் இருப்பது 'பே'.

இதை மட்டும் மறக்காதீர்கள்: பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. ஸ்கேன் செய்யவும் வேண்டாம். பின் நம்பர் கேட்பது பணம் போவதற்கு, அல்லது இருப்பு பார்ப்பதற்கு. "பணம் வர பின் நம்பர் போடுங்க" என்று யார் சொன்னாலும், அவர் பேங்க் மேனேஜர் என்றே சொல்லிக்கொண்டாலும், போனை வைத்துவிடுங்கள்.

ஒரு தனி ஆள் இன்னொரு தனி ஆளிடம் "இவ்வளவு பணம் அனுப்பு" என்று யுபிஐ-யில் கோரிக்கை வைக்கும் வசதி முன்பு இருந்தது. அதை வைத்துப் பலரும் ஏமாற்றப்பட்டதால் 2025 அக்டோபர் 1 முதல் அது நிறுத்தப்பட்டது. அந்தக் கதவு மூடியது. மற்ற கதவுகளில் நாம்தான் காவல் இருக்க வேண்டும்.

முடிந்ததா, இனிமேலா?

தமிழில் "கட்டு, கட்டினேன், கட்டுவேன்" என்று காலம் மாறும். ஆங்கிலத்திலும் மாறும். முடிந்துபோன செயல் என்றால் பல சொற்களின் கடைசியில் 'ட்' அல்லது 'டு' ஒலி கூடுதலாகச் சேரும்.

டெபாசிட் – டெபாசிட்டட்: போட்டாயிற்று.
டெபிட் – டெபிட்டட்: எடுத்தாயிற்று.
அப்ரூவ் – அப்ரூவ்டு: ஒப்புதல் கொடுத்தாயிற்று.
ரிஜெக்ட் – ரிஜெக்டட்: தள்ளியாயிற்று.

சில சொற்கள் இந்த வழிக்கு வராது. பே என்பது பெய்டு ஆகும். கெட் என்பது காட் ஆகும். கிவ் என்பது கேவ் ஆகும். இவை பழக்கத்தில்தான் வரும்.

வில் பீ டெபிட்டட் என்று வந்தால் இனிமேல் எடுக்கப் போகிறார்கள் என்று பொருள். 'வில் பீ' என்ற ஒலி காதில் விழுந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. தவணை நாளுக்கு முன்னால் கணக்கில் பணம் போடலாம். நமக்குச் சம்பந்தமில்லாததாக இருந்தால் பேங்குக்குப் போய் நிறுத்தச் சொல்லலாம். இஸ் டெபிட்டட், ஹாஸ் பீன் டெபிட்டட் என்று வந்தால் பணம் போய்விட்டது. நமக்குத் தெரியாமல் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

கடை வைத்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. வாங்க வருகிறவர் தன் போனைக் காட்டி "அனுப்பிட்டேன் பாருங்க" என்பார். அனுப்பு என்பதற்கு 'செண்ட்', அனுப்பியாயிற்று என்பதற்கு 'சென்ட்'. காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. அவர் போனில் என்ன இருந்தாலும் உங்கள் போனில் கிரெடிட்டட் என்று வந்ததா, அல்லது உங்கள் கடை ஸ்பீக்கர் சொன்னதா என்று பார்த்துப் பொருளைக் கொடுங்கள்.

பெண்டிங் என்று வந்தால் நடுவழியில் நிற்கிறது. அவசரப்பட்டு 'ரீட்ரை' அழுத்தினால் இரண்டு முறை போய்விடக்கூடும். சற்றுப் பொறுத்து இருப்பைப் பாருங்கள். நம் கணக்கில் கழிந்து, எதிராளி கணக்கில் சேராமல் போனால் அது 'ரிவர்ஸ்' ஆக, அதாவது திரும்பி வர வேண்டும். 2019-ல் ரிசர்வ் வங்கி இதற்குக் கெடு வைத்திருக்கிறது. ஏடிஎம்மில் கணக்கில் கழிந்தும் பணம் கைக்கு வராவிட்டால் 5 நாளுக்குள் திருப்பிச் சேர்க்க வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் நமக்குச் சேர வேண்டும்.

ரீட்ரை, ரிவர்ஸ், ரீஃபண்ட், ரீபே, ரினியூ என்ற சொற்களின் முதலில் ஒரே ஒலி வருகிறது பாருங்கள். பெரும்பாலும் அதற்குத் 'திரும்ப' என்று பொருள். ரீபே என்றால் வாங்கியதைத் திரும்பக் கட்டு. ரினியூ என்றால் திரும்பப் புதுப்பி.

கடன் பத்திரத்தில் வரும் சொற்கள்

நம் குழுவுக்குக் கடன் வரும் பாதையில் ஐந்து வினைச்சொற்கள் வரிசையாக நிற்கின்றன.

அப்ளை – விண்ணப்பி. நாம் செய்வது.
வெரிஃபை – சரிபார். பேங்க் செய்வது.
சாங்ஷன் – கடன் தரலாம் என்று அனுமதி. பேங்க் செய்வது.
டிஸ்பர்ஸ் – பணத்தைக் கணக்கில் போடுவது. பேங்க் செய்வது.
ரீபே – திருப்பிக் கட்டுவது. நாம் செய்வது.

இதில் சாங்ஷனையும் டிஸ்பர்ஸையும் நாம் ஒன்றாக நினைத்துவிடுகிறோம். சாங்ஷன் ஆன அன்றே பணம் வந்த மாதிரி மாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத் தவிக்கிறவர்கள் உண்டு. சாங்ஷன் வெறும் சொல், டிஸ்பர்ஸ்தான் பணம். வட்டியும் அப்படித்தான். பணம் கையில் வராத நாட்களுக்கும் சேர்த்து, சாங்ஷன் தேதியிலிருந்தோ பத்திரம் எழுதிய தேதியிலிருந்தோ வட்டி போடுவது தவறு என்று 2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி பேங்குகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் எழுதியது. உங்கள் கடன் அட்டையில் இரண்டு தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கையெழுத்துப் போடும் இடத்தில் வேறு சில சொற்கள் வரும். டிக்ளேர் என்றால் "நான் சொல்வது உண்மை" என்று அறிவிப்பது. அக்ரீ என்றால் ஒப்புக்கொள்வது. ஆதரைஸ் என்றால் நம் சார்பில் செய்ய இன்னொருவருக்கு அதிகாரம் கொடுப்பது. பிளெட்ஜ் என்றால் அடகு வைப்பது. நாமினேட் என்றால் நமக்குப் பின் பணம் யாருக்கு வர வேண்டும் என்று பேர் கொடுப்பது. கேரண்டி என்றால் ஜாமீன் போடுவது. "சும்மா ஒரு கையெழுத்துதானே" என்று இந்தக் கடைசிச் சொல்லுக்குக் கீழே போட்டுவிடாதீர்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். அவர் கட்டாவிட்டால் உங்களிடம் கேட்பார்கள்.

உங்கள் பேருக்குப் பக்கத்தில் பாரோயர் என்று இருந்தால் கடன் வாங்குபவர் நீங்கள். லெண்டர் என்பவர் கொடுப்பவர். கேரண்டார் என்றால் ஜாமீன்தாரர். விட்னஸ் என்றால் சாட்சி. எதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறோம் என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் தொடுங்கள்.

கேட்பது நமக்கு உரிமை. கடனுக்கு மொத்தம் எவ்வளவு வட்டி, என்னென்ன கட்டணம், எத்தனை தவணை என்பதையெல்லாம் முக்கிய விவர அறிக்கையாக ஒரு தாளில் கொடுக்க வேண்டும், அது கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும், விளக்கியும் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 2024 அக்டோபர் முதல் தனிநபர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் கொடுக்கும் புதிய கடன்களுக்கு இது பொருந்தும். "தமிழ்ல கொடுங்க சார், படிச்சுட்டு கையெழுத்துப் போடறோம்" என்று தைரியமாகச் சொல்லலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது.

போன் கேட்கும் அனுமதி

புதிதாக ஏதாவது ஆப் ஏற்றினால் போன் நம்மைக் கேட்கும்: 'அலவ்' அல்லது 'டோன்ட் அலவ்'. அலவ் என்றால் உள்ளே விடு. வீட்டு வாசலில் நிற்கிறவரை உள்ளே விடுவதா என்று பார்க்கிற மாதிரிதான் இதையும் பார்க்க வேண்டும். போட்டோ எடுக்கிற ஆப் கேமராவைக் கேட்டால் நியாயம். ஐந்து நிமிடத்தில் லோன் தருகிறேன் என்கிற ஆப் நம் போனில் உள்ள எல்லார் நம்பரையும், போட்டோக்களையும் ஏன் கேட்கிறது? பிறகு தவணை தாமதமானால் நம் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு அவமானப்படுத்துவதற்குத்தான். கடன் ஆப்கள் போனில் உள்ள தொடர்பு எண்களையோ, படங்களையோ, பேசிய விவரங்களையோ எடுக்கக் கூடாது என்று 2022-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. கேட்கிறது என்றாலே அந்த ஆப் விதிக்கு வெளியே நிற்கிறது. டோன்ட் அலவ் அழுத்தி, ஆப்பையும் எடுத்துவிடுங்கள்.

'ஷேர்' என்றால் பகிர். கோலத்தை, சமையல் குறிப்பைப் பகிரலாம். ஓடிபியைப் பகிரக் கூடாது. "ஸ்கிரீன் ஷேர் பண்ணுங்க" என்று முன்பின் தெரியாதவர் சொன்னால், நம் போனில் நாம் செய்வதையெல்லாம் அவரும் பார்ப்பார் என்று அர்த்தம்.

ஒரே சொல், வேறு வேறு வேலை

சில வினைச்சொற்கள் இடத்துக்கு இடம் பொருள் மாறும். தமிழில் 'போடு' என்ற சொல்லை எடுங்கள். கோலம் போடு, சட்டை போடு, மாத்திரை போடு, சண்டை போடு. ஆங்கிலத்திலும் அப்படியே. 'அப்ளை' என்பது ஆபீசில் விண்ணப்பிப்பது, களிம்பு டியூபில் மேலே பூசுவது. 'டேக்' என்பதற்கு எடு என்று பொருள், மாத்திரையோடு வந்தால் சாப்பிடு. 'ரன்' என்றால் ஓடு, கடையோடு வந்தால் நடத்து.

மருந்து விஷயத்தில் நான்கு சொற்களைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள்.

ஷேக் – குலுக்கு. பிள்ளைகளின் சிரப் பாட்டிலில் இருக்கும். குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கிவிடும்.
ச்யூ – மெல்லு. அங்கன்வாடியில் கொடுக்கும் குடற்புழு நீக்க மாத்திரையை மென்று சாப்பிட வேண்டும்.
ஸ்வாலோ – விழுங்கு.
டிசால்வ் – கரை. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓஆர்எஸ் பெரிய பாக்கெட்டை முழுவதுமாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தூளைக் கிள்ளி டம்ளரில் போட்டால் அளவு தப்பிவிடும். சின்ன பாக்கெட்டும் உண்டு, அதில் போட்டிருக்கும் அளவைக் கேட்டுக் கரைக்கவும்.

கிரிவலப் பாதையில் பேச

14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இளநீர், சுண்டல், பூ விற்கிற நம் சகோதரிகளுக்கு வெளிநாட்டுக்காரர்களும் வெளிமாநிலத்துக்காரர்களும் வாடிக்கையாளர்கள். ஆறு சொல் போதும்: கம் – வா, சிட் – உட்கார், வெயிட் – பொறு, டேக் – எடுத்துக்கொள், கிவ் – கொடு, பே – பணம் கட்டு. தமிழில் 'வாங்க, உட்காருங்க' என்று மரியாதைக்கு 'ங்க' சேர்ப்போம் அல்லவா? ஆங்கிலத்தில் அந்த வேலையை 'ப்ளீஸ்' செய்கிறது. "ப்ளீஸ் சிட்", "ப்ளீஸ் வெயிட்" என்றால் மரியாதையாகி விடும்.

குழுக் கூட்டத்தில் செய்து பாருங்கள்

1963-ல் பிரேசில் நாட்டில் பாலோ ஃபிரேரே என்ற கல்வியாளர், கூலி வேலை செய்யும் மக்களுக்கு அவர்கள் தினமும் பேசும் சொற்களை வைத்தே எழுத்துக் கற்றுக் கொடுத்தார். இங்கே 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட பெண்கள் ஆயிரக்கணக்கில். தன் வாழ்க்கைக்கு வேண்டியது என்று தெரிந்தால் யாரும் கற்றுக்கொள்வார்கள். நாமும் தொடங்கலாம்.

ஒவ்வொரு கூட்டத்திலும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். உறுப்பினர் ஒருவர் அந்த வாரம் தனக்கு வந்த ஒரு பேங்க் செய்தியை, கணக்கு எண்ணையும் இருப்பையும் ஓடிபியையும் விட்டுவிட்டு, வாய்விட்டுப் படிக்கட்டும். அதிலுள்ள வினைச்சொல் எது என்று எல்லாரும் சேர்ந்து கண்டுபிடியுங்கள். யார்? எந்தப் பக்கம்? எப்போது? என்று கேளுங்கள். விடையைத் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் தமிழ் எழுத்தில் எழுதி வையுங்கள். வாரம் இரண்டு சொல் என்றால் வருடத்துக்கு நூறு சொல். ஊக்குநரும் பிரதிநிதியும் மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. கணக்கில் பணம் எல்லாருக்கும் இருக்கிறது.

எல்லாம் தெரிந்தும் பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், பேங்குக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு வந்தவர்கள் நாம். கையெழுத்துப் போடும் முன், பட்டனை அழுத்தும் முன், ஒரு சொல்லின் பொருளைக் கேட்பது அடுத்த அடி. கேட்போம் சகோதரிகளே.